உலோகம் அறிவோம்: துத்தநாகம் பற்றி வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்று எழுதியபோது துத்தநாகப் பூச்சுக்கு ஒரே ஒரு பத்திதான் ஒதுக்கினேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்தப் பத்தியைத்தான் பிடித்துக்கொண்டன. எனக்கு அதில் மகிழ்ச்சியே. ஒரு கால்வனைசிங் ஆலையின், அதாவது இரும்புக்குத் துத்தநாகம் பூசும் ஆலையின், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் என் வேலைக்காலம் முழுக்கக் கழிந்தது. இந்த உலோகத்தைப் பற்றி யார் கேட்டாலும் உட்கார்ந்து பதில் சொல்லப் பிடிக்கும். இந்த முறை எல்லாக் கேள்வியும் துத்தநாகம்தான்.

"துத்தநாகம், நாகம், துத்தம், ஈயம்... இவையெல்லாம் ஒன்றா, வேறுவேறா? பாடப்புத்தகத்தில் ஒன்று இருக்கிறது, பெரியவர்கள் வேறு சொல்கிறார்கள்." (பிளஸ் ஒன் மாணவி)

துத்தநாகம் என்பதுதான் நாம் ஜிங்க் என்று சொல்லும் உலோகம். அணு எண் 30. ஈயம் வேறு. அதிலும் வெள்ளீயம் என்பது டின், காரீயம் என்பது லெட். மயில்துத்தம் செம்பின் உப்பு, நீல நிறம். வெள்ளைத்துத்தம் துத்தநாகத்தின் உப்பு, அதாவது ஜிங்க் சல்பேட். சித்த மருத்துவத்தில் நாகம் என்றால் துத்தநாகம். ஆயுர்வேதத்தில் அதே நாகம் காரீயத்தைக் குறிக்கும், துத்தநாகத்துக்கு அங்கே யசதம் என்று பெயர். காரீயம் நஞ்சு என்பதால், மருந்துப் புட்டியில் 'நாகம்' என்று பார்த்தால் எந்த மருத்துவ முறையின் மருந்து என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

உலோகத்தை நேரில் பார்த்ததில்லை என்றால் ஒரு வார்த்தை. புதிதாக வெட்டிய முகம் நீலம் கலந்த வெண்மையாக மின்னும், சில நாளில் மங்கிச் சாம்பல் நிறமாகிவிடும். சாதாரண வெப்பத்தில் கட்டியைச் சுத்தியலால் அடித்தால் உடையும். அதையே 100 முதல் 150 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் உருளையில் கொடுத்துத் தகடாக இழுக்கலாம். இன்னும் சூடாக்கி 200 டிகிரியைத் தாண்டினால் மறுபடியும் நொறுங்கத் தொடங்கும். 419.5 டிகிரியில் உருகும், 907 டிகிரியில் ஆவியாகும். இந்த 907 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். கீழே ஒரு பதிலில் அதுதான் கதாநாயகன்.

"ஜி.ஐ. பைப்பில் கீறல் விழுந்தாலும் துருப்பிடிக்காது என்று பிளம்பர் சொல்கிறார். பெயிண்ட் அடித்த இரும்பில் கீறல் விழுந்தால் உடனே துரு வருகிறதே, இதில் மட்டும் எப்படி?" (வீடு கட்டிக்கொண்டிருக்கும் வாசகர்)

பிளம்பர் சொன்னது சரி, ஒரு வரம்புக்குள். ஜி.ஐ. என்பது துத்தநாகம் பூசிய இரும்பு.

முதலில் அந்தப் பூச்சு எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். இரும்பின் எண்ணெய்ப் பிசுக்கைக் காரக் கரைசலில் போக்குவார்கள். அடுத்து ஆசிட் டேங்க். துருவும் செதிலும் கரைந்து வெறும் இரும்பு வெளியே வரும். அலசியபின் துத்தநாக அமோனியம் குளோரைடு கலந்த பிளக்ஸ் கரைசலில் (துத்தநாகம் நன்றாகப் பிடிக்க உதவும் உப்புக் கரைசல்) முக்கி உலர்த்துவார்கள். கடைசியில்தான் ஜிங்க் பாத். தொட்டி நிறைய உருகிய துத்தநாகம், சுமார் 450 டிகிரியில். இரும்பை இறக்கியதும் மேற்பரப்பு குமுறும், பிளக்ஸ் எரிந்து வெண்புகை கிளம்பும். அனுபவமுள்ள ஆபரேட்டர் கடிகாரத்தைப் பார்க்கமாட்டார், அந்தக் குமுறலைத்தான் பார்ப்பார். குமுறல் அடங்கிவிட்டால் இரும்பு பாத்தின் சூட்டுக்கு வந்துவிட்டது என்று பொருள். பிறகு மேலே மிதக்கும் சாம்பலைப் பலகையால் ஒதுக்கிவிட்டு, இரும்பை மெதுவாகத் தூக்குவார். அவசரமாகத் தூக்கினால் துத்தநாகம் வடியாமல் முனைகளில் முள்முள்ளாக நிற்கும். அந்த முள்ளைக் கையால் தடவிப் பார்த்து, திருப்பி அனுப்பு என்று எழுதியது என் வேலையில் பாதி.

அந்தச் சில நிமிடங்களில் இரும்பும் துத்தநாகமும் ஒன்றோடொன்று வினைபுரிந்து, நடுவே கலப்புலோக அடுக்குகள் உண்டாகின்றன. அவற்றுள் சில அந்த இரும்பைவிடக் கடினமானவை. மேலே மென்மையான தூய துத்தநாகம் ஓர் அடுக்கு. பெயிண்ட் இரும்பின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதுவோ இரும்போடு பிணைந்துவிட்டது.

இனி கீறல். ஈரம் பட்ட இடத்தில் இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால், எலெக்ட்ரானை எளிதில் விடுகிற உலோகம் கரையும், மற்றது தப்பிக்கும். அந்த எளிமையைக் காட்டும் எண் மின்முனை அழுத்தம், பூச்சியத்துக்குக் கீழே போகப்போக எலெக்ட்ரானை எளிதில் விடும். அது துத்தநாகத்துக்கு –0.76 வோல்ட், இரும்புக்கு –0.44. அதனால் கீறலின் இரு கரையிலும் உள்ள துத்தநாகம் கரைந்து, நடுவில் திறந்து கிடக்கும் இரும்பைக் காக்கும். வெள்ளீயம் பூசிய டப்பாவில் நடப்பது நேரெதிர். வெள்ளீயத்தின் அழுத்தம் –0.14, அதனால் கீறல் விழுந்தால் இரும்புதான் கரையும், வெறும் இரும்பைவிட வேகமாக. வரம்பு என்று சொன்னேனே, அது இதுதான்: இந்தக் காவல் சில மில்லிமீட்டர் அகலத்துக்குத்தான் எட்டும். பைப்பை அறுத்த முனை, மரை போட்ட இடம், உள்ளங்கை அகலத்துக்கு உரிந்த இடம் இவற்றுக்கெல்லாம் ஜிங்க் ரிச் பெயிண்ட் (துத்தநாகப் பொடி மிகுந்த பெயிண்ட்) தடவித்தான் ஆக வேண்டும்.

நான் வாசகர்களிடம் மன்றாடிச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. துத்தநாகம் கரைந்துகொண்டேதான் காவல் காக்கிறது. எனவே "ஜிங்க் பூச்சு இருக்கிறதா?" என்று கேட்டால் போதாது, "எத்தனை மைக்ரான்?" என்று கேளுங்கள். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 6 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த இரும்பைத் தொட்டியில் முக்கினால் சராசரி 85 மைக்ரான் இருக்க வேண்டும் என்பது ஐ.எஸ்.ஓ. 1461 தரம். தொடர் உருளையில் பூசப்படும் தகட்டில், இரு பக்கமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 275 கிராம் என்று அச்சிட்டிருந்தால், ஒரு பக்கத்துக்குச் சுமார் 20 மைக்ரான்தான். மின்முலாம் போட்ட போல்ட், திருகாணிகளில் பெரும்பாலும் 5 முதல் 12 மைக்ரான். மூன்றையும் ஒரே பெயரில் 'ஜிங்க் போட்டது' என்றுதான் சொல்கிறார்கள். உப்புக்காற்று இல்லாத உள்நாட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 மைக்ரான் கரையும், கடலை ஒட்டிய இடத்தில் 4 மைக்ரானுக்கு மேலும் போகலாம். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். 85 மைக்ரான் போட்ட தூணில் 8 மைக்ரான் போல்ட்டை மாட்டி, போல்ட் துருப்பிடித்துத் தூண் சாய்ந்த கதையை எங்கள் தொழிலில் இருக்கும் எவரும் சொல்வார்கள்.

தகட்டில் பெரிய பெரிய பூவாகத் தெரிந்தால் நல்ல பூச்சு என்றும் ஒரு நம்பிக்கை. அந்தப் பூ, துத்தநாகம் உறையும் வேகத்தையும் அதில் கலந்திருக்கும் ஈயம், ஆன்டிமனி முதலியவற்றையும் பொறுத்து அமைவது. தடிமனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. தடிமன் அளக்கும் மீட்டரை வைத்து விளிம்பில், நடுவில், முனையில் என்று பல இடத்தில் தொட்டுப் பார்ப்பது ஒன்றே வழி.

"புது ஜி.ஐ. ஷீட்டை அடுக்கி வைத்திருந்தோம். மழைக்குப் பிறகு பிரித்தால் வெள்ளை வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறது. கெட்டுவிட்டதா?"

வெண்துரு என்பார்கள். நல்ல காற்றோட்டத்தில் துத்தநாகம் கரியமில வாயுவோடு சேர்ந்து கார்பனேட் படலத்தை உண்டாக்கிக்கொள்ளும். சாம்பல் நிறமாக மங்குவது அந்தப் படலம்தான், அதுவே கவசம். தகடுகளுக்கு நடுவே ஈரம் சிக்கி, காற்றும் போகாவிட்டால் கவசம் உருவாக வழியில்லை. கவசத்துக்குப் பதில் பொடிப்பொடியான ஹைட்ராக்சைடு வரும். லேசாகப் பூத்திருந்தால் நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, உலர்த்தி, காற்றில் விடுங்கள், தானே சரியாகும். கம்பி பிரஷ் வேண்டாம். கறுத்து, அடியில் சிவப்பு எட்டிப் பார்த்தால் அங்கே பூச்சு தீர்ந்துவிட்டது. அடுக்கும்போது நடுவே குச்சி கொடுத்து, ஒரு பக்கம் சாய்த்து வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

"ஜி.ஐ. பைப்பை வெல்டிங் அடித்த அன்று ராத்திரி குளிர்க்காய்ச்சல் வருகிறது. மறுநாள் சரியாகிவிடுகிறது. பால் குடித்தால் வராது என்கிறார்கள். உண்மையா?" (வெல்டிங் தொழிலாளர்)

தம்பி, உங்கள் கடிதத்துக்காகத்தான் இந்தப் பகுதியை இந்த இதழிலேயே போடச் சொல்லி ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டேன்.

அது உலோகப் புகைக் காய்ச்சல். வெல்டிங் மின்வில்லின் (ஆர்க்) சூட்டில் துத்தநாகம் ஆவியாகி, காற்றில் பட்டதும் வெண்மையான ஆக்சைடு புகையாகிறது. அந்த மிக நுண்ணிய துகள் நுரையீரலின் அடிவரை போகும். வேலை செய்யும்போது ஒன்றும் தெரியாது. நாலைந்து மணி நேரம் கழித்து, வீட்டுக்குப் போனபின் வாயில் இனிப்பு கலந்த உலோகச் சுவை, தொண்டை வறட்சி, உடம்புவலி, நடுக்கம், காய்ச்சல். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் போய்விடும். தொடர்ந்து புகையில் நிற்பவருக்கு உடம்பு கொஞ்சம் பழகிக்கொள்ளும், ஞாயிறு விடுமுறையில் அந்தப் பழக்கம் விட்டுப்போய்த் திங்களன்று கடுமையாக வரும். இதற்குத் 'திங்கட்கிழமைக் காய்ச்சல்' என்றே பெயர் உண்டு.

பால் குடிப்பது வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. பால் இதைத் தடுக்காது. பால் குடித்துவிட்டோம் என்ற தைரியத்தில் முகமூடியைக் கழற்றி வைப்பதுதான் நான் கண்ட பெரிய ஆபத்து.

செய்ய வேண்டியது இது. பற்றவைக்கும் கோட்டின் இருபுறமும் குறைந்தது 2.5 சென்டிமீட்டர், முடிந்தால் 10 சென்டிமீட்டர் வரை பூச்சைக் கிரைண்டரால் நீக்குங்கள். கேஸ் டார்ச்சால் எரித்து எடுக்காதீர்கள், அதிலும் அதே புகைதான் வரும். தலையைப் புகைக்கு மேலே குனியாமல், காற்று பக்கவாட்டில் அடித்துப் போகும்படி நில்லுங்கள். மூடிய அறை, தொட்டிக்குள் வேலை என்றால் புகையை உறிஞ்சும் குழாயும், உலோகப் புகைக்குரிய வடிகட்டி போட்ட முகமூடியும் கட்டாயம். முகத்தில் கட்டும் துணி இதற்கு ஆகாது. முடித்தபின் அந்த இடத்தில் ஜிங்க் ரிச் பெயிண்ட்.

இன்னொன்று, இது முக்கியம். பழைய போல்ட்டுகள் சிலவற்றில் இருப்பது காட்மியம் முலாம். அதன் புகையும் இதே மாதிரிக் காய்ச்சலாகத்தான் தொடங்கும், ஆனால் உயிரைக் குடிக்கும். என்ன முலாம் என்று தெரியாத பழைய சரக்கில் வெல்டிங் வைக்காதீர்கள். காய்ச்சலோடு மூச்சுத்திணறல் வந்தாலோ, இரண்டு நாளைத் தாண்டினாலோ மருத்துவமனைக்குப் போய், "உலோகப் புகை சுவாசித்தேன்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரண வைரஸ் காய்ச்சல் என்று அனுப்பிவிட வாய்ப்பு உண்டு.

"செம்பு, இரும்பு, ஈயம் எல்லாம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தெரிந்திருக்க, துத்தநாகம் மட்டும் ஏன் தாமதமாகக் கிடைத்தது? அதை முதலில் பிரித்தவர் ஒரு ஜெர்மானியர் என்று படித்தேன்." (ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்)

ஐயா, முதலில் சொன்ன 907 டிகிரி இங்கேதான் வருகிறது. மற்ற உலோகங்களின் தாதுவைக் கரியோடு சேர்த்து எரித்தால் உருகிய உலோகம் அடியில் தேங்கும். துத்தநாக ஆக்சைடு கரியோடு வினைபுரிய அந்த உலோகத்தின் கொதிநிலையையும் தாண்டிய சூடு வேண்டும். ஆக, உலோகம் பிறக்கும்போதே ஆவியாகப் பிறக்கிறது. காற்றுப் பட்டால் அந்த நொடியே மறுபடி ஆக்சைடாகிப் புகைபோக்கி வழியே போய்விடும். அடுப்பின் அடியில் தேடினால் ஒன்றும் இருக்காது. ஆகவே பழங்காலத்துப் பித்தளைக்காரர்கள் உலோகத்தைப் பிரிக்காமலேயே காரியம் செய்தார்கள். துத்தநாகத் தாது, கரி, செம்புத் துண்டு மூன்றையும் மூடிய மூசையில், அதாவது சூடு தாங்கும் மண்கலத்தில், சூடேற்றினால், எழும் ஆவியைச் செம்பு உள்வாங்கிப் பித்தளையாகிவிடும்.

ஆவியைக் காற்றுப் படாமல் பிடித்துக் குளிரவைத்து உலோகமாக்கியது ராஜஸ்தானில், உதயப்பூருக்குத் தெற்கே உள்ள ஜாவர் என்ற இடத்தில். ஏறத்தாழ 12, 13ஆம் நூற்றாண்டுகளிலிருந்து அங்கே பெருமளவில் நடந்த தொழில் இது. களிமண்ணால் கத்தரிக்காய் வடிவில் ஒரு மூசை. அதற்குள் தாதுவும் கரியும் சேர்த்துப் பிடித்த உருண்டைகள். வாயில் களிமண் குழாய் ஒன்றைப் பொருத்திப் பூசிவிடுவார்கள். நடுவே ஒரு குச்சியையும் செருகியிருந்தார்கள் என்பது ஆய்வாளர்களின் முடிவு. தலைகீழாகக் கவிழ்க்கும்போது உருண்டைகள் கொட்டாமல் அது தடுக்கும், சூட்டில் கரிந்தபின் ஆவி இறங்க வழியும் விடும். இப்படி 36 மூசைகளை, துளையிட்ட தட்டின்மேல் தலைகீழாக வரிசையாக நிறுத்தி, மேலறையில் தீ, கீழறையில் குளிர்ச்சி. ஆவிக்கு மேலே போக வழியில்லை, கீழே குழாய் வழியாக இறங்கி, குளிர்ந்து, சொட்டுச் சொட்டாகக் கலத்தில் விழும்.

'ரசரத்னசமுச்சயம்' என்ற சமஸ்கிருத நூல் இந்தக் கத்தரிக்காய் மூசையையும் கீழ்நோக்கி வடிக்கும் முறையையும் விவரிக்கிறது. 1980களில் பிரிட்டிஷ் மியூசியம், பரோடா பல்கலைக்கழகம், இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் மூன்றும் சேர்ந்து நடத்திய அகழாய்வில், மூசைகள் அடுக்கிய நிலையிலேயே உலைகள் கிடைத்தன. ஏட்டில் இருந்ததும் மண்ணுக்கடியில் இருந்ததும் ஒத்துப்போயின. தீ மூட்டுவது எவருக்கும் தெரியும். ஆவியைக் கீழே இறக்கலாம் என்று யோசித்த அந்த மனிதர் பெயர் எதிலும் இல்லை. எனக்கு அது பெரிய குறை.

ஐரோப்பாவில், பிரிஸ்டலைச் சேர்ந்த வில்லியம் சாம்பியன் 1738-இல் துத்தநாகம் வடிக்கக் காப்புரிமை பெற்றார். அவருடையதும் ஆவியைக் கீழ்நோக்கி இறக்கும் முறையே. நீங்கள் படித்த ஜெர்மானியர் பெர்லின் வேதியியலாளர் மார்க்கிராஃப். 1746-இல், செம்பு சேர்க்காமல் தாதுவையும் கரியையும் மூடிய கலத்தில் சூடாக்கித் துத்தநாகத்தைப் பிரித்து, முறையாக எழுதி வைத்தார். அந்தப் பெருமை அவருக்கு உரியதுதான். ஆனால் 1745-இல் சீனாவிலிருந்து திரும்பி, சொந்தத் துறைமுக வாசலிலேயே மூழ்கிய 'யோட்டபோரி' என்ற ஸ்வீடன் கப்பலின் சரக்கிலேயே துத்தநாகக் கட்டிகள் இருந்தன. 'முதலில் பிரித்தவர்' என்ற இரு சொல்லுக்கு முன்னால் 'ஐரோப்பிய ஆய்வுக்கூடத்தில்' என்று சேர்த்துவிட்டால் பாடப்புத்தகம் சரியாகிவிடும்.

இன்று பெரும்பகுதி உலையில் வடிப்பதில்லை. தாதுவை வறுத்து, கந்தக அமிலத்தில் கரைத்து, மின்சாரம் செலுத்தி அலுமினியத் தகட்டில் படியவைத்து உரித்தெடுக்கிறார்கள்.

"டார்ச்சில் போட்ட செல் ஒழுகி உள்ளே எல்லாம் நாசமாகிவிட்டது. செல் ஏன் ஒழுகுகிறது?"

சாதாரண செல்லின் வெளிக்கூடே துத்தநாகம்தான். அது வெறும் உறை என்று நினைக்க வேண்டாம், செல்லுக்கு எரிபொருளும் அதுவே. 1800-இல் வோல்டா துத்தநாகம், வெள்ளி வில்லைகளை உப்புநீரில் நனைத்த அட்டையோடு மாற்றி மாற்றி அடுக்கி முதல் மின்கலத்தைச் செய்தபோதும், 1866-இல் லெக்லான்ஷே தன் கலத்தை அமைத்தபோதும் மின்சாரத்துக்காகக் கரைந்தது துத்தநாகம். கூடு கரையக் கரையத்தான் விளக்கு எரிகிறது. செல் தீர்ந்தபின்னும் உள்ளேயே விட்டால் கூடு ஏதோ ஓரிடத்தில் ஓட்டையாகி, உள்ளிருக்கும் அமிலத்தன்மையுள்ள கரைசல் வெளியே வரும். இதற்குச் சமையல் சோடாவைக் குழைத்துத் துடைக்கலாம்.

ஆல்கலைன் செல்லில் துத்தநாகம் பொடியாக உள்ளே இருக்கும், கூடு எஃகு. அதில் ஒழுகுவது காரம், வெள்ளையாகப் பூத்து நிற்கும். பஞ்சுக்குச்சியில் கொஞ்சம் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடையுங்கள். இரண்டுக்கும் கையுறை நல்லது. காதுகேட்கும் கருவியின் பொத்தான் செல்லில் இன்னொரு அழகு இருக்கிறது. ஸ்டிக்கரை உரித்ததும் துளை வழியே காற்று புகுந்து, அந்தக் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு துத்தநாகம் வினைபுரிகிறது. உரித்த உடனே கருவியில் போடாமல் சில நிமிடம் வெளியே வையுங்கள். உரித்தபின் திரும்ப ஒட்டினாலும் பெரிதாகப் பயனில்லை.

"படகின் அடியில் பொருத்தும் துத்தநாகக் கட்டிக்கும் சேர்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டோம். பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று சொல்ல முடியாது, சுரண்டி எடுத்துவிடுங்கள். கடல்நீர் நேரடியாகப் பட்டு, படகின் உலோகத்துக்குப் பதிலாகக் கரைவதுதான் அந்தக் கட்டிக்கு வேலை. பெயிண்டுக்குள் அது சும்மா கிடக்கும், இழப்பு உங்கள் புரொப்பல்லருக்கு. பாதியளவு கரைந்ததும் மாற்றிவிடுங்கள். ஓராண்டு கழித்தும் கட்டி புதிதாகவே இருந்தால் சந்தோஷப்பட வேண்டாம், மின்தொடர்பு விட்டுப்போயிருக்கிறது.

இந்த வழியை முதலில் காட்டியவர் ஹம்ப்ரி டேவி. 1824-இல் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகடு அரிக்கப்படுவதைத் தடுக்கத் துத்தநாகமோ வார்ப்பிரும்போ இணைக்கச் சொன்னார். அரிப்பு நின்றது. ஆனால் செம்பு கரைந்து கடலில் கலந்ததால்தான் சிப்பியும் பாசியும் ஒட்டாமல் இருந்தன என்பது பிறகே தெரிந்தது. செம்பு கரைவது நின்றதும் அடிப்பாகம் முழுக்க ஒட்டிக்கொண்டு கப்பலின் வேகம் குறைந்துவிட, கடற்படை அந்த ஏற்பாட்டையே கைவிட்டது. அறிவியல் சரியாக இருந்தும் வேலை தோற்றது. இந்தக் கதையைப் புதிதாக வரும் பொறியாளர்களிடம் நான் தவறாமல் சொல்வேன்.

"நோய் எதிர்ப்புச் சக்திக்கு ஜிங்க் மாத்திரை தினமும் சாப்பிடலாமா?"

நான் மருத்துவர் இல்லை, ஆகவே மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடுங்கள் என்பதே என் பதில். தெரிந்ததைச் சொல்கிறேன். வளர்ந்தவர் உடம்பில் 2 முதல் 3 கிராம் துத்தநாகம் இருக்கிறது. 300-க்கும் மேற்பட்ட நொதிகள் அதை நம்பியிருக்கின்றன. அமெரிக்கப் பரிந்துரைப்படி நாளொன்றுக்குப் பெண்களுக்கு 8 மில்லிகிராம், ஆண்களுக்கு 11. வளர்ந்தவர்களுக்கு உச்சவரம்பு 40. அதைத் தாண்டி நெடுநாள் சாப்பிட்டால் உடம்பு செம்பை ஏற்பது குறைந்து, இரத்தசோகையும் நரம்புக் கோளாறும் வரலாம். சத்துதானே என்று சாப்பிட்டுக்கொண்டே போகும் பொருள் இல்லை இது.

மனிதரிடம் துத்தநாகக் குறைபாட்டைக் கண்டுபிடித்தது நம் நாட்டில் பிறந்த ஒரு மருத்துவர், ஆனந்த பிரசாத். ஈரானின் ஷிராஸ் நகரில் பணிபுரிந்தபோது 21 வயது இளைஞர் ஒருவர் வந்தார். பார்ப்பதற்குப் பத்து வயதுச் சிறுவன்போல, பருவமாற்றமே இல்லாமல் இருந்தார். அவர் உணவு பெரும்பாலும் புளிக்காத மாவு ரொட்டி, கூடவே மண் தின்னும் பழக்கம். தானியத்திலுள்ள ஃபைட்டேட் துத்தநாகத்தைக் கட்டிப்போட்டு உடம்பில் சேரவிடாது. இத்தகைய நோயாளிகளைப் பற்றி 1961-இல் எழுதிய பிரசாத், துத்தநாகக் குறைபாடாக இருக்கலாம் என்று சந்தேகித்தார். பிறகு எகிப்தில் நடத்திய ஆய்வுகளில் துத்தநாகம் கொடுத்ததும் வளர்ச்சி திரும்பியது. மனிதருக்கு இந்தக் குறை வரவே வராது என்று அன்றைய அறிஞர்கள் பலர் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. 2004-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும், வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளுக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலோடு 10 முதல் 14 நாள் துத்தநாகமும் கொடுக்கச் சொல்லிக் கூட்டறிக்கை விட்டன. போக்கு நின்றவுடன் மாத்திரையை நிறுத்திவிடும் பெற்றோர் இதைக் கவனியுங்கள்: மருத்துவர் எத்தனை நாள் சொன்னாரோ அத்தனை நாளும் கொடுக்க வேண்டும்.

"நட்ட மூன்றாம் வாரம் நெற்பயிரின் கீழ் இலைகளில் துரு நிறத்தில் புள்ளி. பூச்சிமருந்து அடித்தும் கேட்கவில்லை." (விவசாயி)

பயிர் குட்டையாக, திட்டுத்திட்டாக நின்று, இளம் இலையின் அடிப்பாக நடுநரம்பும் வெளுத்திருந்தால் துத்தநாகக் குறைபாடாக இருக்க வாய்ப்பு அதிகம். காய்ரா நோய் என்பார்கள். 1960களில் பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தில் ஒய்.எல். நேனே இதன் காரணம் கிருமி இல்லை, துத்தநாகக் குறைவு என்று நிறுவினார். காரத்தன்மையுள்ள மண், எப்போதும் நீர் தேங்கும் வயல், மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகுந்த நிலம் இவற்றில் அதிகம் வரும். 0.5 சதவீத ஜிங்க் சல்பேட்டோடு 0.25 சதவீதம் நீர்த்த சுண்ணாம்பு கலந்து இலைமேல் தெளிப்பது நிற்கும் பயிருக்கு உடனடி வழி. அடுத்த பருவத்தில் மண் பரிசோதனை செய்து, குறை இருந்தால் ஹெக்டேருக்கு 25 கிலோ ஜிங்க் சல்பேட்டை அடியுரமாகப் போடுங்கள். சூப்பர் பாஸ்பேட், டி.ஏ.பி. போன்றவற்றோடு ஒரே கூடையில் கலக்காதீர்கள், கரையாத துத்தநாகப் பாஸ்பேட்டாகிவிடும். மணலோடு கலந்து தனியாக விசிறுங்கள்.

"ஜி.ஐ. வாளியில் புளிப்பான பொருள் வைக்கக் கூடாது என்பது ஏன்?"

அமிலத்தில் துத்தநாகம் வேகமாகக் கரையும். பி.எச். 6-க்குக் கீழே போனால் பூச்சு தாங்காது. கரைந்ததைக் குடித்தால் குமட்டல், வாந்தி. அதே போல் கடுங்காரமும் ஆகாது. சாதாரணத் தண்ணீர் பிடித்துவைக்கத் தடையில்லை. ஆனால் 60 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீர் தொடர்ந்து ஓடும் குழாய்க்கு ஜி.ஐ. வேண்டாம். அந்தச் சூட்டில் சிலவகைத் தண்ணீரில் முனைகள் இடம் மாறி, துத்தநாகத்தைக் காக்க இரும்பு கரையத் தொடங்கிவிடும்.

"சிறுவயதில் வாங்கிய வார்ப்புப் பொம்மைக் கார், அலமாரியில் வைத்த இடத்திலேயே விரிசல்விட்டு உதிர்கிறது. யாரும் தொடவில்லை."

பூஞ்சை இல்லை, கவலை வேண்டாம், மற்ற பொம்மைகளுக்குத் தொற்றாது. துத்தநாகத்தோடு ஏறக்குறைய 4 சதவீதம் அலுமினியம் கலந்து அச்சில் வார்ப்பார்கள். ஜிப்பின் சறுக்கி, கதவுக் கைப்பிடி எல்லாம் அந்த வகைதான். அதில் துளி ஈயம் கலந்துவிட்டாலும் ஆண்டுக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே அரித்து, ஊதி, வெடிக்கும். 99.99 சதவீதத் தூய்மையுள்ள துத்தநாகத்தைக் கொண்டு வார்க்கத் தொடங்கியபின்தான் இது குறைந்தது. உதிரத் தொடங்கியதை ஒட்டவைக்க வழியில்லை. ஈரமில்லாத இடத்தில் வைத்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

"கேட், கைப்பிடிக் கம்பி செய்து கால்வனைசிங்குக்கு அனுப்பினால், குழாயில் துளை போட்டுக் கொண்டுவா என்று திருப்பிவிடுகிறார்கள். அழகு கெடுகிறதே, துளை இல்லாமல் முக்க முடியாதா?" (கிரில் பட்டறை நடத்துபவர்)

முடியாது. திருப்பி அனுப்பியவருக்கு நன்றி சொல்லுங்கள்.

இருமுனையும் அடைத்துப் பற்றவைத்த குழாய்க்குள் காற்று இருக்கும், ஆசிட் டேங்கில் ஒரு நுண்துளை வழியாகத் தண்ணீரும் புகுந்திருக்கும். அதை 450 டிகிரி துத்தநாகத்தில் இறக்கினால் உள்ளே நீராவி அழுத்தம் ஏறி, குழாய் வெடித்து, உருகிய உலோகம் தொட்டிக்கு வெளியே தெறிக்கும். அந்தச் சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன். கூரைத் தகட்டின் அடிப்பக்கத்தில் துத்தநாகம் திட்டுத்திட்டாக உறைந்து ஒட்டியிருந்தது. கீழே ஆள் நிற்க வேண்டிய இடத்தில் அன்று யாரும் இல்லாததால் தப்பித்தோம்.

துளை எங்கே என்பதும் முக்கியம். குழாயைத் தொங்கவிடும் கோணத்தில் மிக உயரமான மூலையில் ஒன்று, மிகத் தாழ்ந்த மூலையில் ஒன்று. மேலே காற்று வெளியேற, கீழே துத்தநாகம் புகவும் வடியவும். இணைப்பு மூலையை ஒட்டியே போடுங்கள். நாலு விரல் தள்ளிப் போட்டால் அந்த மூலையில் காற்று சிக்கி, உள்ளே பூச்சே ஏறாது. சின்னக் குழாய்க்கும் 10 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், பெரிய குழாய்க்கு ஆலையிலேயே கேளுங்கள். ஒரு பட்டையின்மேல் இன்னொரு பட்டையை வைத்துச் சுற்றிலும் பற்றவைத்திருந்தாலும் நடுவே ஒரு துளை வேண்டும், அங்கேயும் ஈரம் சிக்கும். இந்தத் துளைகளால் உங்களுக்கு ஒரு லாபமும் இருக்கிறது: குழாயின் உட்புறமும் பூச்சு பெறும், பெயிண்ட் பிரஷ் அங்கே போகவே போகாது. அழகுக்கு, பூச்சு முடிந்தபின் துளையில் அலுமினிய அடைப்பானோ பிளாஸ்டிக் மூடியோ தட்டிக்கொள்ளலாம். வரைபடம் போடும்போதே துளையைக் குறித்துவிட்டு, பற்றவைப்பதற்கு முன்பே டிரில் செய்யுங்கள். பிறகு போடுவதைவிட வேலையும் பாதி.